நியூட்ரினோ ஒளியை முந்தாது என்று எந்தச் சோதனை சொன்னது?

#1 கரும்பலகை

பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் ஒளியின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "நியூட்ரினோ ஒளியைவிட வேகமாகப் போச்சுன்னு ஒரு தடவை சொன்னாங்களே மிஸ்?" என்றாள். (நியூட்ரினோ என்பது எதையும் எளிதாக ஊடுருவிப் போகும், மின்னூட்டமில்லாத நுண்துகள்.) "அது கேபிள் கோளாறு, பிறகு தப்பு என்று தெரிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அந்தச் சோதனை தப்புன்னா சரி. வேகமாப் போகாதுன்னு சொன்ன சோதனை எது?"

நியாயமான கேள்வி. ஓர் அளவீடு தவறு என்று தெரிந்துவிட்டால் அதற்கு எதிரானது நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற நியூட்ரினோ சோதனையை நடத்திய குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருக்கும் ஆய்வுக்கூடம் வரை சுமார் 730 கி.மீ. நியூட்ரினோ அந்தத் தூரத்தை ஒளி எடுக்க வேண்டிய நேரத்தைவிட 60 நானோ நொடி முன்னதாகக் கடந்துவிட்டது என்றார்கள். 2012 தொடக்கத்தில் ஒரு கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை என்று தெரிந்தது. மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

#2 இரவுவானம்

மிஸ், உங்கள் மாணவிக்கான பதில் ஓபெராவுக்கு 24 வருடம் முன்னாலேயே வந்துவிட்டது.

1987 பிப்ரவரி 23. நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தில், இங்கிருந்து சுமார் 1,68,000 ஒளியாண்டு தள்ளி ஒரு நட்சத்திரம் வெடித்த (சூப்பர்நோவா) சேதி பூமிக்கு வந்த நாள். உலக நேரப்படி காலை 7.35 மணிக்கு ஜப்பானின் கமியோகாண்டே, அமெரிக்காவின் ஐஎம்பி, அன்றைய சோவியத்தின் பக்சான் என்று நிலத்தடியில் இருந்த மூன்று கருவிகளிலும் நியூட்ரினோ பதிவானது. மூன்றையும் கூட்டினால் இருபத்துச் சொச்சம்தான். பத்துப் பன்னிரண்டு நொடியில் எல்லாம் அடங்கிவிட்டது. அதே நாள் 10.38க்கு ஆஸ்திரேலியாவில் எடுத்த புகைப்படத்தில் அந்த நட்சத்திரம் பளிச்சென்று இருக்கிறது. ஆக நியூட்ரினோவுக்கும் ஒளிக்கும் இடையே 3 மணி நேரம்.

1,68,000 வருடம் ஓடிய ஓட்டத்தில் 3 மணி நேரம். வகுத்தால் நூறு கோடியில் 2 பங்கு வரும். ஓபெரா சொன்ன வித்தியாசமோ ஒரு லட்சத்தில் இரண்டரைப் பங்கு. அது நிஜமாக இருந்திருந்தால் இந்த நியூட்ரினோக்கள் ஏறக்குறைய 4 வருடம் முன்னால், 1982 கடைசியிலேயே நம்மைக் கடந்து போயிருக்கும். கமியோகாண்டே அப்போது வேலையே ஆரம்பிக்கவில்லை.

#3 சும்மா_ஒருவன்

ஒரு நிமிஷம். அப்படியும் நியூட்ரினோதானே 3 மணி நேரம் முந்தி வந்திருக்கிறது? இதை எப்படி ஒளியின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது என்று சொல்கிறீர்கள்?

#4 இரவுவானம்

முந்தி வரவில்லை, முந்திக் கிளம்பியது.

நட்சத்திரத்தின் நடுக்கரு இடிந்து விழும்போது நியூட்ரினோக்கள் சில நொடிகளில் வெளியே வந்துவிடும். ஒளியால் அப்படி முடியாது. நடுவில் கிளம்பிய அதிர்ச்சி அலை மேல்பரப்பைத் தொட்டால்தான் வெளிச்சம் வெளியே வரும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். தேர்த்திருவிழாவில் ஒருவர் சந்து வழியாகப் புகுந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார், இன்னொருவர் தேர்முட்டியில் கூட்டத்தோடு கூட்டமாக மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வேகத்தில் ஓடும் பஸ்களில் ஏறினாலும் ஊர் போய்ச் சேரும் நேரம் மாறத்தானே செய்யும்.

இதில் ஒரு நபரை விட்டுவிடக் கூடாது. நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற அமெச்சூர் வானியலாளர் அன்றைக்கு 9.20 வாக்கில் தற்செயலாக அதே இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார். புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அதனால் ஒளி வந்து சேர்ந்த நேரத்துக்கு இரண்டு பக்கமும் வேலி கிடைத்துவிட்டது. "ஒன்றும் பார்க்கவில்லை" என்ற குறிப்பு இவ்வளவு மதிப்புப் பெறுவது அபூர்வம்.

இன்னொரு வேடிக்கை. கமியோகாண்டேவின் கடிகாரத்தில் அன்று ஒரு நிமிடம் வரை முன்பின் இருக்கலாம் என்ற நிலை. ஐஎம்பி கடிகாரம்தான் துல்லியம். ஆனால் 3 மணி நேரக் கணக்கில் ஒரு நிமிடம் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓபெராவில் 60 நானோ நொடிக்கு உலகமே சண்டை போட்டது. ஓடும் தூரம் பெரிதானால் கையில் இருக்கும் கடிகாரம் சுமாராக இருந்தாலும் போதும்.

#5 பொடிநடை

இரவுவானம் சொல்வது சரி, ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. 1987ல் வந்த நியூட்ரினோவின் ஆற்றல் சுமார் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; ஆயிரம் மெகா ஒரு ஜிகா, ஆயிரம் ஜிகா ஒரு டெரா). செர்னில் அனுப்பியதன் சராசரி 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். ஆயிரம் மடங்குக்கும் மேல். குறைந்த ஆற்றலில் ஒழுங்காகப் போகும் துகள் அதிக ஆற்றலில் வரம்பு மீறினால்? 2011ல் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியவர்கள் பிடித்துக்கொண்ட கொம்பு இதுதான். மாணவியின் கேள்வியில் "எப்போதும்" என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

#6 சும்மா_ஒருவன்

எனக்கு அந்தக் கேபிள் கதையே ஒட்டவில்லை. கேபிள் லூசாக இருந்தால் சிக்னல் வராது. சரியாக இருந்தால் வரும். அந்தக் கேபிளால் சிக்னல் 73 நானோ நொடி தாமதமாக வந்தது என்கிறார்களே, அதெல்லாம் எப்படி? பெரிய இடத்துச் சமாளிப்பு மாதிரி இருக்கிறது.

#7 ஒளியிழை

தொலைத்தொடர்பில் ஃபைபர் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி.

செம்புக் கம்பியை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். இது ஆப்டிகல் ஃபைபர். கனெக்டர் முழுசாக உட்காரவில்லை என்றால் ஒளி அடியோடு நின்றுவிடாது, மங்கும். பத்துப் பங்கில் இரண்டு பங்கு வெளிச்சம் வந்தால்கூட பல லிங்க்குகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அலாரம் எதுவும் அடிக்காது. எங்கள் வேலையில் இதைவிட எரிச்சலூட்டும் கோளாறு கிடையாது, நாள் கணக்கில் அலைய விடும்.

ஓபெராவில் நடந்தது இது. ஜிபிஎஸ் நேரம் மலைக்கு வெளியே இருக்கும் கட்டடத்தில் வாங்கப்படுகிறது. அங்கிருந்து 8.3 கி.மீ. ஃபைபர் வழியாக உள்ளே இருக்கும் தலைமைக் கடிகாரத்துக்குத் துடிப்பாகப் போகிறது. கடிகாரப் பெட்டியில் ஒரு ஒளியுணர் டையோடு, துடிப்பை மின்சாரமாக மாற்றுகிறது. மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டதும் "இதோ நேரம்" என்று பதிவாகும். வெளிச்சம் நன்றாக இருந்தால் மட்டம் சட்டென்று தொடப்படும். மங்கலாக இருந்தால் மெதுவாக ஏறித்தான் தொடும். பெரிய குழாயில் குடம் நிரம்புவதற்கும் சொட்டும் குழாயில் நிரம்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்தத் தாமதம் 73 நானோ நொடி.

இப்போது கவனியுங்கள். நேரம் சொல்லும் துடிப்பு தாமதமாகப் போனால் உள்ளே இருக்கும் கடிகாரம் பின்தங்கி ஓடும். பின்தங்கிய கடிகாரத்தை வைத்து வருகைப்பதிவு போட்டால் வந்தவன் சீக்கிரம் வந்த மாதிரிதான் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

"அப்படியானால் 73 முந்த வேண்டுமே, ஏன் 60?" என்று கேட்பீர்கள். இரண்டாவதாக ஒரு கோளாறும் இருந்தது. கடிகாரத்துக்குத் துடிப்புத் தரும் ஆஸிலேட்டர் கொஞ்சம் வேகமாக ஓடியது. அது எதிர்த்திசையில் சுமார் 15 நானோ நொடி இழுத்தது. இரண்டையும் கழித்துக் கூட்டினால் ஏறக்குறைய 60 வந்துவிடும். திருத்திய பிறகு கிடைத்த விடை 6.5 நானோ நொடி, பிழை எல்லை அதைவிடப் பெரிது. அதாவது ஒளியின் வேகத்திலிருந்து பிரித்துச் சொல்ல எதுவுமில்லை.

சமாளிப்பா என்று கேட்டீர்கள். அதே மலைக்குள் ஓபெராவுக்குச் சற்றுத் தள்ளி எல்விடி என்று இன்னொரு கருவி இருக்கிறது. வானிலிருந்து வரும் மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) சில, மலையின் ஒரு பள்ளத்தாக்குப் பக்கமாக ஏறக்குறையப் படுக்கைவாக்கில் நுழைந்து இரண்டு கருவிகளையும் ஊடுருவிப் போகும். பழைய பதிவுகளை எடுத்து இரண்டு கடிகாரங்களையும் ஒப்பிட்டார்கள். 2008 நடுவிலிருந்து 2011 கடைசி வரை ஓபெராவின் நேரம் மட்டும் 73 நானோ நொடி நகர்ந்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் இல்லை. கனெக்டர் எப்போது நழுவியது என்பதற்கு மலைக்குள்ளேயே சாட்சி இருந்திருக்கிறது. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

#8 சும்மா_ஒருவன்

குடம் உதாரணம் பிடித்திருக்கிறது அண்ணா. சமாளிப்பு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

#9 நிலஅளவை

சர்வே துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நேரத்தைவிடத் தூரத்தில்தான் சந்தேகம். 60 நானோ நொடி என்றால் 18 மீட்டர். 730 கி.மீ. தூரத்தில், அதுவும் ஒரு முனை மலைக்கு அடியில் இருக்கும்போது, 18 மீட்டருக்குள் எப்படி உறுதி சொன்னார்கள்? மலைக்குள் ஜிபிஎஸ் எடுக்காதே.

#10 இரவுவானம்

ஐயா, உங்களுக்குப் பிடிக்கும் பகுதி இது. கிரான் சாசோ ஆய்வுக்கூடம் நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. சுரங்கம் 10 கி.மீ. நீளம். இரண்டு வாய்களிலும் ஜிபிஎஸ் புள்ளி வைத்து, சுரங்கத்தில் ஒரு தடத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, பழைய முறையில் தியோடலைட் மாதிரியான கருவிகளால் உள்ளே தொடர் அளவை எடுத்துக்கொண்டு போனார்கள். மொத்தத் தூரத்துக்கும் பிழை 20 செ.மீ. 2009ல் லாக்விலா நிலநடுக்கம் வந்தபோது ஆய்வுக்கூடம் 7 செ.மீ. நகர்ந்தது அந்த அளவையில் தெரிந்தது.

பூமி சுழல்வதையும் சேர்க்க வேண்டும். நியூட்ரினோ வந்து சேர 2.4 மில்லி நொடி ஆகிறது. அதற்குள் கிரான் சாசோ கிழக்கே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்துவிடும். அதற்கு 2 நானோ நொடிச் சொச்சம் திருத்தம்.

#11 நிலஅளவை

7 செ.மீ. பிடித்தார்கள் என்றால் அளவையில் குற்றம் சொல்ல முடியாது. நன்றி தம்பி. நாங்கள் செயின் இழுத்த காலத்தில் ஒரு ஃபர்லாங்குக்கே அதைவிட அதிகம் விட்டுவிடுவோம்.

#12 பொடிநடை

தூரத்தில் ஓட்டையில்லை. கிளம்பிய நேரத்தில் இருந்தது. ஒவ்வொரு நியூட்ரினோவும் எப்போது பிறந்தது என்று யாரும் பார்க்க முடியாது. செர்னில் புரோட்டான்களை ஓர் இலக்கில் மோதவிடுவார்கள், அதில் பிறக்கும் துகள்கள் சிதைந்து நியூட்ரினோ ஆகும். முதலில் புரோட்டான் கற்றை 10.5 மைக்ரோ நொடி நீளம். அந்த நீளத்துக்குள் எந்தப் புரோட்டான் எந்த நியூட்ரினோவைக் கொடுத்தது என்று தெரியாமல், 16,000 பதிவுகளின் மொத்த வடிவத்தைப் புரோட்டான் வடிவத்தின் மேல் பொருத்தி 60 நானோ நொடி என்று முடிவு கட்டினார்கள். ஓர் ஊரே ஊர்வலமாகப் போகிறது, முதல் ஆள் யார் என்று தெரியாது, கூட்டத்தின் உருவத்தை வைத்து எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்று சொல்வது போல. அந்த முதல் கட்டுரையில் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் குழுவுக்குள்ளேயே இருந்தார்கள்.

அதனால்தான் 2011 கடைசியில் 3 நானோ நொடித் துடிப்புகளாக, நடுவில் 524 நானோ நொடி இடைவெளி விட்டு அனுப்பினார்கள். இருபது நியூட்ரினோதான் சிக்கியது, ஆனால் எது எந்தத் துடிப்பில் வந்தது என்பதில் குழப்பமில்லை. விடை? மறுபடியும் 62 நானோ நொடி! ஏனென்றால் கோளாறு கிளம்பிய இடத்தில் இல்லை, சேர்ந்த இடத்துக் கடிகாரத்தில் இருந்தது. ஒரே கடிகாரத்தை வைத்து எத்தனை முறை அளந்தாலும் அதே தப்புதான் அழகாகத் திரும்ப வரும். இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் வகுப்பில் சொல்வேன், கரும்பலகை.

அப்புறம் அதே கற்றையைப் பக்கத்து அறையில் இருந்த இகாரஸ் என்ற இன்னொரு கருவி தன் கடிகாரத்தால் அளந்து, 7 நியூட்ரினோவை வைத்து "ஒளியின் வேகம்தான்" என்றது. 2012 மே மாதம் மறுபடி கற்றை விட்டபோது கிரான் சாசோவில் இருந்த ஓபெரா, இகாரஸ், எல்விடி, போரெக்சினோ ஆகிய நான்கு கருவிகளும் ஒத்துப்போயின. ஜூனில் கியோட்டோ மாநாட்டில் அறிவிப்பு வந்தது. அதற்குள் குழுத் தலைவரும் இன்னொரு முக்கியப் பொறுப்பாளரும் பதவி விலகியிருந்தார்கள். "எங்களுக்குப் புரியவில்லை, நீங்களும் பாருங்கள்" என்று வெளிப்படையாக வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அது தேவையில்லாத தண்டனை என்பது என் கருத்து. பத்திரிகைகள் ஐன்ஸ்டீனைக் கவிழ்த்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

#13 பட்டாம்பூச்சி82

தேனியில் நியூட்ரினோ ஆய்வகம் வந்திருந்தால் இதையெல்லாம் நாமே அளந்திருக்கலாமே. விட்டுவிட்டோம்.

#14 இரவுவானம்

அளந்திருக்க முடியாது. அங்கே திட்டமிட்டது 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவி, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களுக்கு. வேகம் அளக்க, கிளம்பும் நேரம் குறிக்கப்பட்ட கற்றை வேண்டும். வேண்டுமானால் கோலார் தங்கவயலை நினைத்துக்கொள்ளலாம். காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பிடித்த இரண்டு இடங்களில் ஒன்று அது, 1965ல். அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.

#15 நெறியாளர்

தேனி திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடுகிறது. இங்கே வேகம் மட்டும்.

#16 கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. பொடிநடை #5ல் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறதே. அதிக ஆற்றலில்?

#17 பொடிநடை

அதற்குத்தான் வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இதில் கடிகாரமே கிடையாது.

ஓபெரா அறிவிப்பு வந்த சில நாளிலேயே ஆண்ட்ரூ கோஹனும் ஷெல்டன் கிளாஷோவும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வெற்றிடத்தில் ஒளியை மிஞ்சிப் போகும் நியூட்ரினோவால் சும்மா போக முடியாது, வழியெல்லாம் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளை உதிர்த்து ஆற்றலை இழக்கும் என்பது அவர்கள் கணக்கு. தண்ணீரில் ஒளியை மிஞ்சும் மின்துகள் நீல வெளிச்சம் விடுகிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஓபெரா சொன்ன வேகம் நிஜமானால், 12.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் உள்ள நியூட்ரினோ எதுவும் அந்த ஆற்றலோடு கிரான் சாசோ வந்து சேர முடியாது. ஆனால் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. இகாரஸ் ஆற்றல் கணக்கைப் பார்த்து, இழப்பு எதுவும் இல்லை என்று 2011லேயே சொல்லிவிட்டது. கேபிள் கண்டுபிடிக்கப்படும் முன்பே!

இந்த யோசனையை நீட்டினால் வானத்து நியூட்ரினோ ஒவ்வொன்றும் ஒரு சோதனையாகிவிடும். தென் துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 உணரிகளைப் புதைத்து ஐஸ்கியூப் என்ற நியூட்ரினோ ஆய்வகம் நடக்கிறது. அதில் ஆயிரம் டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலேயும் பதிவாகியிருக்கிறது. 2023 பிப்ரவரி 13 அன்று சிசிலிக்கு அப்பால் மத்தியதரைக் கடலுக்கு அடியில் கேஎம்3நெட் என்ற நியூட்ரினோ தொலைநோக்கி பிடித்தது சுமார் 2,20,000 டெரா எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு ஆற்றலோடு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றால் வழியில் உதிர்க்கவில்லை. உதிர்க்கவில்லை என்றால் ஒளியை மிஞ்சவில்லை. அந்த ஒரே நியூட்ரினோவை வைத்து அவர்கள் போட்ட வரம்பு: மிஞ்சினாலும் பூஜ்யம் புள்ளிக்குப் பிறகு 21 பூஜ்யம் போட்டு ஓர் இலக்கம் எழுதும் அளவுக்குள்தான். சூப்பர்நோவாவின் "நூறு கோடியில் 2 பங்கு" இதற்குப் பக்கத்தில் மாட்டுவண்டி.

#18 இரவுவானம்

அருமை. ஆனால் அது ஒருபக்கப் பரிசோதனை. மிஞ்சினால்தான் உதிர்க்கும். ஒளியைவிட மெதுவாகப் போனால் இந்த முறை வாயே திறக்காது. கணக்குக்குள் ஒரு கோட்பாட்டு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. வேகம் மாறினாலும் ஆற்றல் அழியாமை போன்ற மற்ற விதிகள் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடிகாரம் வைத்த நேரடி ஓட்டப் போட்டி வேண்டும் என்றால் 2017 செப்டம்பர் 22தான். ஐஸ்கியூப் 290 டெரா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோ ஒன்றைப் பிடித்து உடனே தகவல் கொடுத்தது. அது வந்த திசையில் சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு பிளேசார் (நடுவிலிருக்கும் கருந்துளையிலிருந்து நம்மை நோக்கிக் கதிர்களைப் பீய்ச்சும் விண்மீன் மண்டலம்) காமா கதிர்களில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டும் பத்து நாள் முன்பின்னாகக் கிளம்பின என்று வைத்தால் வேக வித்தியாசம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே.

"என்று வைத்தால்" என்பதைக் கோடு போட்டுப் படியுங்கள். அந்தக் கொதிப்பு மாதக்கணக்கில் நீடித்தது. ஒரே ஒரு நியூட்ரினோ. அது அங்கிருந்துதான் வந்தது என்பதே மூன்று சிக்மா அளவு உறுதிதான் (இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா கேட்பார்கள்). சூப்பர்நோவாவை நம்புகிற அளவுக்கு நான் இதை நம்புவதில்லை.

#19 கரும்பலகை

மெதுவாகப் போவது பற்றிச் சொன்னீர்கள். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்றுதானே பாடத்தில் இருக்கிறது? அப்போது ஒளியின் வேகத்தில் போகவே கூடாதே.

#20 இரவுவானம்

போகவே கூடாது. ஆனால் அந்தக் குறைவு எவ்வளவு என்று பாருங்கள். நிறை 0.1 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்வோம் (நியூட்ரினோவின் நிறையை அளக்கும் கேட்ரின் சோதனையின் மேல்வரம்பு 0.45). 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு மெகல்லன் மேகத்திலிருந்து 1,68,000 வருடம் ஓடி வந்தால், ஒளிக்குப் பின்னால் கால் மில்லி நொடிதான் தாமதம். நட்சத்திரம் வெடிக்கும் சங்கதிக்கே பத்து நொடி பிடிக்கிறது. அதில் கால் மில்லி நொடியை எங்கே தேடுவது? அதனால் "ஒளியின் வேகம்தான்" என்று நாம் சொல்வதெல்லாம் "நம் கடிகாரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை" என்பதன் சுருக்கம்.

#21 ஒளியிழை

அடுத்து நம் பால்வீதியிலேயே ஒன்று வெடித்தால்?

#22 இரவுவானம்

நம் பால்வீதியில் கண்ணால் பார்த்த கடைசி சூப்பர்நோவா 1604ல். இப்போது ஒன்று வெடித்தால் கமியோகாண்டேவின் வாரிசான சூப்பர் கமியோகாண்டேயில் மட்டுமே ஆயிரக்கணக்கில் விழும். ஈர்ப்பு அலையும் கிடைத்தால், நடுக்கரு இடிந்த நேரம் தனியாகக் கையில் வந்துவிடும். நியூட்ரினோ கிளம்பிய நேரத்தை ஊகிக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை கொடுக்க ஸ்னூஸ் என்று ஒரு வலையமைப்பு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் மின்னஞ்சல் பட்டியலில் சேரலாம். நான் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இன்னும் ஒன்றும் வரவில்லை.

#23 நிலஅளவை

தம்பி, #10ல் ஒரு திருத்தம். வெறும் கிழக்கே நகர்ந்த தூரத்தை வைத்து 2 நானோ நொடி என்று சொல்லக் கூடாது. செர்னிலிருந்து கிரான் சாசோ தென்கிழக்குத் திசை. அந்தத் திசையில் விழும் பங்கை மட்டும்தான் எடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 2.2 வருகிறது.

#24 இரவுவானம்

சரிதான் ஐயா. அவர்களும் 2.2 என்றுதான் போட்டிருக்கிறார்கள். பதிவைத் திருத்திவிடுகிறேன்.